பைத்தான் பிராம்ப்ட்டில் பல வரி லூப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபைலில் எழுதி ஓட்டினால் ஒழுங்காக ஓடுகிற லூப், அதையே பிராம்ப்ட்டில், அதாவது பைத்தானைத் திறந்ததும் அது கட்டளைக்குக் காத்திருக்கிற இடத்தில், தட்டினால் முரண்டு பிடிக்கும். புதிதாகப் பைத்தான் பக்கம் வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே இதில் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

படிக்கும் முன் ஒன்று. கட்டளைச் சொற்களைக் காதில் விழுகிறபடி தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். நீங்கள் தட்டும்போது ஃபார், இன், பிரிண்ட் எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும். வேரியபிள் பெயர்களுக்கு மட்டும் இந்தக் கட்டாயம் இல்லை. 'எண்', 'சொல்' என்று தமிழிலேயே வைத்தாலும் பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும்.

லூப்பைத் தட்டி முடித்தேன். மூன்று புள்ளி வந்து அப்படியே நிற்கிறது. ஏன் ஓடவில்லை?

இன்னொரு முறை என்டரைத் தட்டுங்கள். அவ்வளவுதான்.

```
>>> ஃபார் எண் இன் ரேஞ்ச்(3):
...     பிரிண்ட்(எண்)
...
0
1
2
>>>
```

மூன்று அம்புக்குறி வந்தால் 'புதிதாக ஏதாவது சொல்லுங்கள்' என்று பொருள். மூன்று புள்ளி வந்தால் 'நீங்கள் சொல்வது இன்னும் முடியவில்லை, தொடருங்கள்' என்று பொருள். ஒன்றுமே எழுதாத வரி ஒன்றைக் கொடுத்தால்தான் லூப் முடிந்தது என்று பைத்தானுக்குத் தெரியும். நான்கு ஸ்பேஸ் உள்ளே தள்ளி எழுதுவதை மறந்துவிடாதீர்கள். 3.12 வரையிலான சாதாரண பிராம்ப்ட் அதைத் தானாகச் செய்து தராது.

ஃபைலில் தேவைப்படாத வெற்று வரி இங்கே மட்டும் எதற்கு?

ஃபைலை ஓட்டும்போது பைத்தான் முதலில் அதை முழுவதுமாகப் படித்து முடிக்கிறது. லூப்புக்குப் பிறகு இடது ஓரத்தில் ஒரு வரி தொடங்கினாலோ, ஃபைலே தீர்ந்துபோனாலோ, லூப் அங்கே முடிந்தது என்று அதற்குப் புரிந்துவிடும். பிராம்ப்ட்டில் நிலைமை வேறு. நீங்கள் ஒரு வாக்கியத்தை முடித்ததும் அதை உடனே ஓட்ட வேண்டும். ஆனால் அடுத்து நீங்கள் என்ன தட்டப் போகிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. லூப்புக்குள் இன்னொரு வரி சேர்க்கலாம், 'எல்ஸ்' போடலாம், அல்லது அப்படியே விட்டுவிடலாம்.

லினக்ஸ் டெர்மினலில் கட்டளை வாங்குகிற பாஷ் ஷெல்லில் இந்தக் குழப்பம் வராது. அங்கே 'டன்' என்று எழுதினால் லூப் முடிந்தது. ரூபியில் 'எண்ட்' இருக்கிறது. சி வழி வந்த மொழிகளில் அடைப்புக்குறியை மூடினால் போதும். பைத்தானில் முடிவைச் சொல்ல ஒரு சொல்லோ குறியோ கிடையாது. உள்ளே தள்ளி எழுதுவதை நிறுத்துவதுதான் முடிவு. எழுதாமல் விட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் வெற்று வரி. கீழே வருகிற தொல்லைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரே ஏற்பாட்டிலிருந்து கிளைத்தவைதான்.

வேறொரு இடத்திலிருந்து காப்பி செய்து ஒட்டினேன். 'அன்எக்ஸ்பெக்டட் இன்டெண்ட்' என்று திட்டுகிறது. ஃபைலில் அதே கோடு ஓடுகிறதே?

உங்கள் லூப்பின் நடுவில் ஒரு வெற்று வரி இருக்கிறது. படிக்க வசதியாக இருக்கட்டும் என்று யாரோ விட்டது. ஃபைலில் அதற்கு மதிப்பே இல்லை. பிராம்ப்ட்டிலோ அது கத்திரிக்கோல் மாதிரி வெட்டிவிடும்.

```
>>> ஃபார் சொல் இன் பட்டியல்:
...     நீளம் = லென்(சொல்)
...
>>>     பிரிண்ட்(சொல், நீளம்)
இண்டென்டேஷன்எரர்: அன்எக்ஸ்பெக்டட் இன்டெண்ட்
```

இங்கே உண்மையில் நடந்ததைக் கவனியுங்கள். எரர் வந்ததால் எதுவுமே ஓடவில்லை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வெற்று வரி வந்ததுமே லூப்பின் முதல் பாதி, பட்டியல் முழுவதற்கும் ஒரு சுற்று ஓடி முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் மீதி வரி அநாதையாக வந்து எரர் தந்தது. நீளம் கணக்கிடுகிற லூப் என்றால் பரவாயில்லை. முதல் பாதியில் ஃபைலை அழிக்கிற வரியும், இரண்டாம் பாதியில் அதை எங்காவது குறித்துவைக்கிற வரியும் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கு இதற்கு நேர்மாறாக நடக்கிறது. வெற்று வரியே இல்லை, ஆனாலும் சின்டாக்ஸ் எரர்.

லூப் முடிந்த கையோடு அடுத்த வரியை இடது ஓரத்தில் ஒட்டியிருப்பீர்கள்.

```
>>> ஃபார் எண் இன் ரேஞ்ச்(3):
...     பிரிண்ட்(எண்)
... பிரிண்ட்("முடிந்தது")
சின்டாக்ஸ்எரர்: இன்வேலிட் சின்டாக்ஸ்
```

3.12 வரையிலான பிராம்ப்ட் ஒரு நேரத்தில் ஒரு வாக்கியத்தைத்தான் வாங்கும். லூப் ஒரு வாக்கியம், அதற்கடுத்த பிரிண்ட் இன்னொன்று. நடுவில் வெற்று வரி இல்லாததால் இரண்டையும் ஒன்றாகப் படிக்கப் பார்த்துத் தடுக்கி விழுகிறது. இந்த வகையில் ஒரு நிம்மதி உண்டு: லூப் ஒரு சுற்றுகூட ஓடியிருக்காது.

ஒட்டிய கோடில் மூன்று அம்புக்குறியும் சேர்ந்து வந்துவிட்டதா என்றும் பாருங்கள். பாடங்களிலிருந்து எடுக்கும்போது அது கூடவே ஒட்டிக்கொண்டு வரும். சாதாரண பிராம்ப்ட் அதையும் கோடு என்றே எண்ணி எரர் தரும். தனியாக நிறுவிக்கொள்கிற, வசதிகள் கூடிய பிராம்ப்ட்டான ஐபைத்தான் அந்தக் குறிகளைத் தானே உதறிவிடும்.

சரி, பெரிய துண்டை ஒட்ட என்னதான் வழி?

பைத்தான் 3.13 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு கையில் இருந்தால் பாதி கவலை தீர்ந்தது. 2024 அக்டோபரில் வந்த அந்தப் பதிப்பில் பிராம்ப்ட்டையே புதிதாக மாற்றிவிட்டார்கள். பைத்தானின் இன்னொரு வடிவமான பைபை திட்டத்தில் பயன்பட்டுவந்த கோடை அடிப்படையாக வைத்துச் செய்தது அது. அதில் எஃப்3 விசையைத் தட்டினால் பேஸ்ட் மோடுக்குப் போகும். அங்கே வெற்று வரியோடு எதை வேண்டுமானாலும் ஒட்டலாம். ஒட்டிவிட்டு மறுபடி எஃப்3 தட்டினால் பழைய நிலைக்குத் திரும்பும்.

பழைய பதிப்பு என்றால் எனக்குப் பிடித்த வழி 'எக்ஸெக்' தான்.

```
>>> எக்ஸெக்('''
... ஃபார் சொல் இன் பட்டியல்:
...     நீளம் = லென்(சொல்)
...
...     பிரிண்ட்(சொல், நீளம்)
... ''')
```

மூன்று மேற்கோள் குறிக்குள் இருப்பது வெறும் எழுத்துச் சரம். அதற்குள் வெற்று வரி வந்தால் பைத்தான் கண்டுகொள்ளாது. மூடியதும் மொத்தத்தையும் ஃபைலைப் படிப்பது போலவே படித்து ஓட்டும். ஒட்டுகிற கோடிலேயே மூன்று மேற்கோள் இருந்தால் இது சரிப்படாது. அப்போது இரட்டை மேற்கோளால் மூன்று போட்டுக்கொள்ளுங்கள். பின்சாய்வுக் கோடு இருந்தாலும் கவனம் தேவை.

இன்னொரு சின்ன உபாயம்: வெற்று வரி இருக்கும் இடத்தில் # குறி ஒன்றைப் போட்டுவிடுங்கள். கமென்ட் இருக்கிற வரி வெற்று வரி ஆகாது. ஒட்டுவதற்கு முன் எடிட்டரில் செய்ய வேண்டிய வேலை இது, அதனால் இரண்டு மூன்று இடத்துக்கு மேல் என்றால் பொறுமை போய்விடும்.

ஐபைத்தானில் இருப்பவர்கள் '%பேஸ்ட்' என்று தட்டினால் போதும், கிளிப்போர்டில் இருப்பதை அப்படியே எடுத்து ஓட்டும். தொலைவில் இருக்கிற சர்வரில் நுழைந்து வேலை செய்தால் உங்கள் கிளிப்போர்டு அதற்குத் தெரியாது. அங்கே '%சிபேஸ்ட்' போட்டு, ஒட்டிவிட்டு, கடைசியில் தனி வரியில் இரண்டு கழித்தல் குறி (--) கொடுத்தால் ஓடும்.

முழு லூப்பையும் ஒரே வரியில் எழுத முடியாதா?

உள்ளே இருப்பவை எளிய வாக்கியங்கள் என்றால் முடியும்.

```
>>> ஃபார் எண் இன் ரேஞ்ச்(3): இருமடங்கு = எண்*2; பிரிண்ட்(இருமடங்கு)
...
```

அப்போதும் அந்த இரண்டாவது என்டர் உண்டு. ஆனால் முக்காற்புள்ளிக்கு (:) பிறகு அதே வரியில் எளிய வாக்கியம் மட்டுமே வரலாம். ஒரு ஃபாருக்குள் இன்னொரு ஃபாரையோ, ஃபாருக்குள் 'இஃப்' ஒன்றையோ அதே வரியில் திணிக்க முடியாது.

டெர்மினலில் '-சி' போட்டு ஓட்டினால் இம்போர்ட்டும் லூப்பும் சேர்ந்து வரமாட்டேன் என்கிறதே?

காரணம் மேலே சொன்னதேதான்.

```
$ பைத்தான்3 -சி "இம்போர்ட் டைம்; ஃபார் எண் இன் ரேஞ்ச்(3): பிரிண்ட்(எண்)"
சின்டாக்ஸ்எரர்: இன்வேலிட் சின்டாக்ஸ்
```

'இம்போர்ட்' எளிய வாக்கியம். அதற்குப் பின் அரைப்புள்ளி (;) வந்துவிட்டதால் அந்த வரியில் லூப்புக்கு இடமில்லை. இம்போர்ட்டை எடுத்துவிட்டால் அதே வரி ஓடும். இங்கே கூடுதல் என்டரும் தேவையில்லை, ஏனென்றால் '-சி' கொடுத்தால் பைத்தான் முழுவதையும் ஒரே மூச்சில் படிக்கிறது.

பாஷ் போன்ற ஷெல்லில் பலருக்குத் தெரியாத ஓர் எளிய வழி உண்டு. மேற்கோளைத் திறந்துவிட்டு மூடாமல் என்டர் தட்டுங்கள். ஷெல் ஓர் அம்புக்குறி காட்டிக் காத்திருக்கும். அடுத்த வரியைத் தட்டி, எல்லாம் முடிந்ததும் மேற்கோளை மூடினால் சரி. விண்டோஸின் பழைய கமாண்ட் பிராம்ப்ட்டில் இது நடக்காது. அங்கே மேற்கோள் வரி தாண்டாது.

வரிகள் கூடினால் நான் இப்படித்தான் செய்கிறேன்:

```
$ பைத்தான்3 - <<'முடிவு'
இம்போர்ட் டைம்

ஃபார் எண் இன் ரேஞ்ச்(3):
    பிரிண்ட்(எண்)

    டைம்.ஸ்லீப்(1)
பிரிண்ட்("சரி")
முடிவு
```

'முடிவு' என்பது நாமே வைத்துக்கொள்கிற அடையாளச் சொல், எதுவாகவும் இருக்கலாம். கடைசியில் அது வரியின் தொடக்கத்திலேயே தனியாக வர வேண்டும். மேலே அதைச் சுற்றியிருக்கிற ஒற்றை மேற்கோளை விட்டுவிடாதீர்கள். விட்டால் உங்கள் கோடில் இருக்கிற டாலர் குறிகளைத் தன்னுடையவை என்று ஷெல் எடுத்துக்கொள்ளும். இதில் வெற்று வரித் தொல்லை கிடையாது. ஒரே குறை, உள்ளே 'இன்புட்' கேட்டால் விசைப்பலகையிலிருந்து வாங்க முடியாது. கோடே அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்திருக்கிறது, அதனால் 'இஓஎஃப்எரர்' வரும்.

லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷனுக்குள் பிரிண்ட்டை வைத்து ஒரே வரியாக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஓடும். கூடவே பிராம்ப்ட்டில் 'நன், நன், நன்' என்று ஒரு பட்டியலும் வந்து நிற்கும். எனக்கு அது பிடிப்பதில்லை.

வெற்று வரி கொடுத்துப் பார்த்துவிட்டேன். பத்து முறை என்டர் தட்டினாலும் மூன்று புள்ளி போகமாட்டேன் என்கிறது.

எங்கோ ஓர் அடைப்புக்குறி மூடாமல் இருக்கிறது, அல்லது மூன்று மேற்கோள் திறந்தபடி இருக்கிறது. அந்த நிலையில் வெற்று வரிக்கு மதிப்பில்லை. திறந்ததை மூடினால்தான் விடும். தேடிக்கொண்டிருக்காமல் கண்ட்ரோல்+சி தட்டுங்கள். தட்டிய அத்தனையையும் தூக்கிப்போட்டுவிட்டு மூன்று அம்புக்குறிக்குத் திரும்பிவிடும்.

ஓடிக்கொண்டிருக்கிற லூப்பை எப்படி நிறுத்துவது?

அதற்கும் கண்ட்ரோல்+சி தான். 'கீபோர்டுஇன்டரப்ட்' என்று காட்டிவிட்டு பிராம்ப்ட் திரும்பும். அதுவரை சேர்ந்த வேரியபிள்கள் எல்லாம் அப்படியே இருக்கும். லூப்பின் வேரியபிளும் எந்த மதிப்பில் நின்றதோ அதிலேயே இருக்கும். பிராம்ப்ட்டில் லூப் ஓட்டுவதன் பெரிய வசதியே இதுதான்.

நிற்க மறுத்தால் லூப்புக்குள் வெறும் 'எக்ஸெப்ட்' எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அது கண்ட்ரோல்+சியையும் ஓர் எரராக விழுங்கிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போய்விடும். 'எக்ஸெப்ட் எக்ஸெப்ஷன்' என்று எழுதினால் விழுங்காது.

கண்ட்ரோல்+டி வேறு. லினக்ஸிலும் மேக்கிலும் அது பைத்தானைவிட்டே வெளியே அனுப்பிவிடும். சி தட்டப் போய் டி தட்டிவிட்டு அரை மணி நேர வேலையை இழந்தவர்களில் நானும் ஒருவன்.

லூப்புக்குள் பிரிண்ட்டே இல்லை. ஆனாலும் எண்களாகக் கொட்டுகிறது. எங்கிருந்து வருகின்றன?

இதை ஒருவர் என்னிடம் திரையோடு கொண்டுவந்து காட்டினார்.

```
>>> ஃபார் சொல் இன் ["அம்மா", "அப்பா", "மரம்"]:
...     ஃபைல்.ரைட்(சொல்)
...
5
5
4
```

பிராம்ப்ட்டில் ஒரு கோவையைத் தட்டினால் அதன் மதிப்பைக் காட்டுவது பைத்தானின் வழக்கம். 2+3 என்று தட்டினால் 5 வருகிறதே, அது போல. லூப்புக்குள்ளும் இதே வழக்கம் தொடர்கிறது. 'ரைட்' என்பது எத்தனை எழுத்து எழுதினேன் என்று ஓர் எண்ணைத் திருப்பித் தரும். சுற்றுக்கு ஓர் எண் வந்து விழுகிறது. ஃபைலில் வைத்து ஓட்டினால் ஒன்றும் வராது.

'அம்மா மூன்றெழுத்துதானே, ஏன் 5?' என்பதுதான் அவர் அடுத்துக் கேட்டது. நியாயமான கேள்வி. யூனிகோடில் அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறிகளாக அது சேமிக்கப்படுகிறது. பைத்தான் எண்ணுவது அவற்றைத்தான். மரத்துக்கும் அப்படித்தான் 4 வந்தது.

எண்கள் வேண்டாம் என்றால் விடையை ஒரு வேரியபிளில் வாங்கிக்கொள்ளுங்கள். பலர் அடிக்கோட்டில் (_) வாங்குவார்கள். ஆனால் பிராம்ப்ட்டில் அடிக்கோட்டுக்கு ஒரு தனி வேலை உண்டு, கடைசியாக வந்த விடையை அது வைத்திருக்கும். நீங்கள் அதற்கு மதிப்புக் கொடுத்துவிட்டால் அந்த வசதி மறைந்துவிடும். அதனால் நான் 'சும்மா' என்று ஒரு வேரியபிள் வைத்துக்கொள்கிறேன்.

மேல் அம்புக்குறி விசையைத் தட்டினால் லூப் ஒவ்வொரு வரியாக வருகிறது. மொத்தமாக வராதா?

3.13 முதல் மொத்தமாகவே வரும். உள்ளே போய்த் திருத்தவும் முடியும். ஐபைத்தானில் இந்த வசதி பல ஆண்டுகளாக இருக்கிறது. பழைய பிராம்ப்ட்டில் வரி வரியாகத்தான். ஐந்து வரி லூப்புக்கு அம்புக்குறியை ஐந்து முறை தட்டி, என்டர், மறுபடி ஐந்து முறை என்று போக வேண்டியதுதான். இடையில் ஒன்று மாறிவிட்டால் முதலிலிருந்து.

டேப்பா, ஸ்பேஸா?

எதுவானாலும் ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள். கையால் தட்டும்போது டேப்பும், ஒட்டும்போது ஸ்பேஸும் வந்து ஒரே லூப்பில் கலந்தால் 'டேப்எரர்' வரும். நான்கு ஸ்பேஸ் வழக்கம். பிராம்ப்ட்டில் அவசரத்துக்கு ஒரே ஒரு ஸ்பேஸ் போட்டாலும் பைத்தான் மறுப்பதில்லை. பார்க்க அழகாக இருக்காது, அவ்வளவுதான்.

லூப் பாதியில் எரர் தந்து நின்றது. திருத்திவிட்டு அப்படியே மறுபடி ஓட்டலாமா?

இதில் நான் சூடுபட்டவன். ஒரு ஃபோல்டரில் ஏறக்குறைய முன்னூறு ஃபைல்கள். எல்லாப் பெயருக்கும் முன்னால் 'பழைய' என்று சேர்க்க பிராம்ப்ட்டிலேயே மூன்று வரி லூப் எழுதினேன். நூறு சொச்சம் ஓடியபின், அனுமதி இல்லாத ஒரு ஃபைலில் முட்டி நின்றது. அந்த ஃபைலின் அனுமதியைச் சரிசெய்தேன், அம்புக்குறி தட்டி லூப்பைத் திரும்ப எடுத்தேன், ஓட்டினேன். முதல் நூறு ஃபைல்களும் 'பழைய பழைய' ஆகிவிட்டன.

பிராம்ப்ட் நினைவில் வைத்திருப்பது நீங்கள் தட்டியதை மட்டும்தான். வெளியே எது வரைக்கும் நடந்தது என்பது அதற்குத் தெரியாது. இப்போது நான் முதலில் மாற்றும் வரிக்குப் பதிலாகப் பிரிண்ட்டைப் போட்டு ஓட்டி, என்னென்ன நடக்கப்போகிறது என்று கண்ணால் பார்க்கிறேன். அப்புறம் ஏற்கெனவே முடிந்தவற்றைத் தாண்டிப்போக ஓர் 'இஃப்' சேர்க்கிறேன், இந்தக் கதையில் என்றால் பெயர் 'பழைய' என்று தொடங்குகிறதா என்ற சோதனை. பட்டியலையும் லூப்புக்கு வெளியே தனி வேரியபிளில் எடுத்துவைத்துக்கொள்வேன். நின்றால் எதில் நின்றது என்று பார்த்து, மீதியை மட்டும் வெட்டி எடுத்து ஓட்டலாம்.

பைத்தானோடு கூடவே வருகிற ஐடிஎல்இ எடிட்டரின் ஷெல்லில் 'எல்ஸ்' எங்கே எழுதுவது என்றே புரியவில்லை.

பழைய ஐடிஎல்இயில் மூன்று புள்ளி காட்டாது. அதனால் 'இஃப்'புக்கு நேர் கீழே எல்ஸை வைக்கப்போனால் எரர் வரும். அம்புக்குறிக்குக் கீழே, இடது ஓரத்தில் வைக்க வேண்டும். 3.10 பதிப்பில் அம்புக்குறியையும் புள்ளிகளையும் பக்கவாட்டுப் பட்டைக்கு நகர்த்திவிட்டார்கள். அதன் பிறகு கண்ணுக்கு நேராகத் தெரிகிறபடி எழுதினாலே சரியாக இருக்கும்.

மற்ற பிராம்ப்ட்டுகளிலும் இப்படித்தானா?

வெற்று வரி பைத்தானின் தனிப் பழக்கம். பாஷில் தொடர்ச்சிக்கு ஓர் அம்புக்குறி வரும், 'டன்' எழுதியதும் ஓடும். ஆர் மொழியில் கூட்டல் குறி வரும், அடைப்புக்குறியை மூடினால் ஓடும். நோட் ஜேஎஸ்ஸும் அடைப்புக்குறியைப் பார்க்கும், அதில் '.எடிட்டர்' என்று தட்டினால் பல வரி எழுதத் தனி மோடே கிடைக்கும். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்டில் ஒரு வேடிக்கை: லூப் வேரியபிளுக்கு முன்னால் பிராம்ப்ட்டில் ஒரு சதவீதக் குறி போட வேண்டும், அதையே பேட்ச் ஃபைலில் வைத்தால் இரண்டு.

எத்தனை வரி வரைக்கும் பிராம்ப்ட்டில் எழுதலாம்?

என் கணக்கில் ஐந்தாறு வரி. லூப்புக்குள் லூப், அதற்குள் இஃப் என்று போனால் ஃபைலுக்கு மாறிவிடுவேன். அதனால் பிராம்ப்ட்டின் வசதியை இழக்க வேண்டியதில்லை. ஃபைலை '-ஐ' சேர்த்து ஓட்டினால், ஓடி முடிந்ததும் பைத்தான் வெளியேறாமல் மூன்று அம்புக்குறி காட்டி நிற்கும்.

```
$ பைத்தான்3 -ஐ சோதனை.பிஒய்
>>> சொல்
'மரம்'
```

லூப் எரரில் முடிந்தாலும் இப்படியே நிற்கும். எந்தச் சொல்லில் முட்டியது என்று உடனே கேட்டுப் பார்த்து, எடிட்டரில் ஒரு வரி திருத்தி, மறுபடி ஓட்டலாம். இதில் வெற்று வரியை எண்ணிக்கொண்டிருக்கும் வேலையே இல்லை.